கடற்பசுவுக்குக் கை பொருத்திய வியாழக்கிழமை

என்னைக் கூட்டிப் போக றெஜினா டீச்சர் மன்னார் பஸ் நிலையத்துக்கு நேரத்தோடு கிளம்பிவிட்டாராம். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு கழுதைக் கூட்டம் அவருடைய ஸ்கூட்டரை மறித்துவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போனபோது, அவர் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். கழுதைகள் காதை மட்டும் அசைத்தன.

"வாங்கோ அக்கா, வாங்கோ. இதுகள் விலகாதுகள். இந்த ஊரில நாங்கள்தான் விலகிப் போகவேணும்" என்றார்.

விலகித்தான் போனோம்.

எனக்குத் தூத்துக்குடி. அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் விலங்குகளின் எலும்புகளைக் கோத்து முழு உருவமாக நிறுத்துவது என் வேலை. சொந்தக்காரர்களிடம் இதை விளக்கிச் சலித்துப்போய், இப்போதெல்லாம் 'கவர்மென்ட் வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். றெஜினா, மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய் என்னும் மீனவக் கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். அவரும் வேறு சில ஆசிரியர்களும் சேர்ந்து மன்னார் நகரில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் தொடங்கியிருந்தார்கள். சங்கு, பவளத்துண்டு, தூக்கணாங்குருவிக் கூடு எல்லாம் அடுக்கியாயிற்று. ஒரு கடற்பசுவின் எலும்புகளும் முறையான அனுமதியோடு அவர்களிடம் இருந்தன. அதை நிறுத்தத்தான் ஆள் இல்லை. இணையத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டு றெஜினா போன் செய்தார். வெள்ளிக்கிழமை தன் பள்ளியிலிருந்தும் பெரியமடு என்னும் வயல்காட்டு ஊர்ப் பள்ளியிலிருந்தும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் பார்க்க வருகிறார்கள், அதற்குள் முடியுமா என்று கேட்டார். முடியும் என்று வாய் விட்டுவிட்டேன். நான் வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமை.

அருங்காட்சியகம் என்ற சொல்லை நான் சொன்னதும் றெஜினாவின் அம்மா சிரித்தார். "நாங்கள் நூதனசாலை எண்டுதான் சொல்லுவம் பிள்ளை" என்றார். சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு இதமாகத்தான் இருந்தது. அன்று இரவு அவர் வைத்த பிட்டும் மீன் குழம்பும் அதைவிட இதம். எங்கள் வீட்டில் புட்டு என்றால் சீனியும் வாழைப்பழமும். இங்கே குழம்பை ஊற்றிக் குழைத்து, மேலே ஒரு கரண்டி தேங்காய்ப்பால் சொதியையும் விட்டு அடிக்கிறார்கள். எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. இங்கே அது தினமும் அடுப்பில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

மறுநாள் ஓலைத்தொடுவாய்க்குப் போனோம். எலும்புகள் அங்கே பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில், சாக்குகளில் இருந்தன. அந்தக் கடற்பசு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தது. சதை மண்ணோடு போகட்டும் என்று கரையோரப் பனைகளுக்கு நடுவே புதைத்து வைத்து, அண்மையில்தான் தோண்டிக் கழுவியிருந்தார்கள்.

கதவைத் திறந்துவிட்டவர் சூசைதாசன் என்ற மீனவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. சாக்குகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக வைத்தார். கடற்பசுவை எங்கள் கரையில் ஆவுளியா என்றும் சொல்வோம் என்றேன்.

"இஞ்ச கடற்பண்டி எண்டுதான் சொல்லுறது" என்றார்.

"அந்தக் கரையில பசு, இந்தக் கரையில பன்றியா? நடுக்கடல்ல வச்சு மாறிடுதோ?" என்று கேட்டேன். றெஜினா சிரித்தார். சூசைதாசன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை.

மதியம் தெரிந்த ஒரு வீட்டில் சாப்பிடும்போதுதான் றெஜினா விஷயத்தைச் சொன்னார். அந்தக் கடற்பசு சூசைதாசனின் வலையில் மாட்டி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்தது. அதன் இறைச்சிக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கரையிலும் உண்டு, எங்கள் கரையிலும் உண்டு. சத்தமில்லாமல் வெட்டிப் பங்கு போட்டிருக்கலாம். அவர் கரைக்கு இழுத்து வந்து, தானாகவே அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் வந்து விசாரித்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"சனம் விடேல்ல அக்கா. பண்டிச் சூசை எண்டு பட்டம் வைச்சிட்டினம். பகிடிக்குத்தான். ஆனா மகள் அனிற்றா என்ர வகுப்பில படிக்கிறாள். அவளையும் பண்டி எண்டு பெடியள் கூப்பிடுவாங்கள். நாளண்டைக்கு நூதனசாலை பாக்கிற ரிப்புக்கு வரமாட்டன், தனக்குக் காய்ச்சல் வரும் எண்டு எனக்கு இப்பவே சொல்லிப்போட்டாள்."

வெள்ளிக்கிழமை வரப்போகிற காய்ச்சலைப் புதன்கிழமையே அறிவித்த பெண்ணை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது. காலையில் நானும் பன்றி என்று பகடி செய்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சாக்குகளை ஏற்ற ஒரு லாண்ட்மாஸ்டர் வந்தது. முன்னால் இரண்டு சக்கர உழவு இயந்திரமும் பின்னால் ஒரு பெட்டியும் உள்ள வண்டி. அது குலுங்குகிற குலுக்கலைப் பார்த்ததும் மண்டை ஓட்டை மட்டும் நான் தரமாட்டேன் என்றேன். எனவே அதை ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கடற்பசுவின் தலை நல்ல கனம். மூக்குப் பகுதி கீழ்நோக்கி வளைந்திருக்கும். விரிப்புக்குள்ளிருந்து அந்த வளைவு என் முழங்காலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் வந்தார். "என்னக்கா சீலைக்குள்ள?"

"தலை" என்றார் றெஜினா.

"ஆற்ற தலை?"

"கடற்பண்டின்ர."

கண்டக்டர் சற்று யோசித்தார். "செத்ததுதானே? அப்ப டிக்கெட் வேண்டாம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. முன் இருக்கையில் கருவாட்டு மூட்டையோடு இருந்த ஒரு பெரியவர் திரும்பிச் சிங்களத்தில் என்னிடம் ஏதோ அக்கறையாகக் கேட்டார். றெஜினாவிடம் அர்த்தம் கேட்டேன். "இதை அவிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு கேக்கிறார்" என்றார். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு என்று றெஜினா அவருக்கு விளக்கினார். அவர் எழுந்து வந்து விரிப்பை விலக்கிப் பார்த்துவிட்டு, பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாங்கள் இறங்குவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் அதைப் பார்த்து முடித்திருந்தார்கள். எங்கள் நூதனசாலையின் முதல் பார்வையாளர்கள் அவர்கள்தான்.

லாண்ட்மாஸ்டர் பாதி வழியில் நின்றுபோனது. எலும்புகள் மாலையில் ஒரு மீன் லாரியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வந்து சேர்ந்தன. இரண்டு வருஷமாக மண்ணில் கிடந்து மணமெல்லாம் போயிருந்த கடற்பசு மறுபடியும் மீன் வாசனையோடு உள்ளே வந்தது.

அன்று மாலையே மின்சாரம் போய்விட்டது. எங்கள் போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

வியாழன் காலை விடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். வெல்டிங் வேலைக்காரர் வளைத்துக் கொடுத்திருந்த இரும்புக் கம்பி ஒரு மூலையில் நின்றது. எலும்புகள் பாய்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. முதுகெலும்புகளைக் கூட இன்னும் வரிசைப்படுத்தவில்லை. ஒரு நாள் முழுக்கக் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் பாண் என்று இங்கே சொல்லும் ரொட்டியைப் பருப்பில் தோய்த்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தேன். வாசலில் பஸ் ஹார்ன் கேட்டது. தொடர்ந்து பிள்ளைகளின் இரைச்சல்.

றெஜினா ஓடினார். நானும் பின்னால் போனேன். டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நாளைக்கு எனக்கு ஒரு கலியாண ஓட்டம் வந்திட்டுது. நேற்று இரவு முழுக்க உங்களுக்குப் போன் அடிச்சனான், வேலை செய்யேல்ல. பெரியமடுப் பள்ளிக்கூடத்தில சொன்னன், ஓம் எண்டிட்டினம். உங்கட பள்ளிக்கூடத்திலயும் ஏத்திக்கொண்டு வந்திட்டன்."

நாற்பது ஐம்பது பிள்ளைகள், கூட இரண்டு ஆசிரியர்கள். உள்ளே ஒரு குவியல் எலும்பு. எங்கள் அருங்காட்சியகத்தில் வேலை முடியாத எதையும் திரையை விலக்கிக் காட்ட மாட்டோம். அதை என் மேலதிகாரி சொல்லிச் சொல்லி எனக்குள் ஏற்றிவிட்டார். திருப்பி அனுப்பிவிடலாமா என்று றெஜினாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"திருப்பி அனுப்பினா இந்த வருசம் இன்னொரு பஸ் கிடைக்காது அக்கா. பெரியமடுப் பிள்ளையள் விடியவே வெளிக்கிட்டு வந்திருக்குதுகள். பாருங்கோ, சாப்பாட்டுப் பார்சலும் கொண்டுவந்திருக்குதுகள்."

பார்த்தேன். பார்சல்களை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு, அனிற்றாவும் நின்றாள். காய்ச்சல் வெள்ளிக்கிழமைக்கு அல்லவா ஒதுக்கப்பட்டிருந்தது. வியாழக்கிழமை சாதாரணமாகப் பள்ளிக்கு வந்தவளை அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

"சரி, உள்ளே வாங்க. பார்க்க ஒண்ணும் இல்ல. செய்யத்தான் வேலை இருக்கு" என்றேன்.

கடலோரப் பிள்ளைகள் ஒரு சுவர் ஓரமாகவும், வயல்காட்டுப் பிள்ளைகள் எதிர்ச் சுவர் ஓரமாகவும் ஒதுங்கினார்கள். ஓலைத்தொடுவாய்ப் பையன்களுக்கு வாய் நீளம். பெரியமடுப் பிள்ளைகள் கூச்சமாகச் சிரித்தார்கள். நான் முதுகெலும்புக் குவியலிலிருந்து ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஓடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். "இப்ப உங்க எலும்புக்கு அடுத்த எலும்பு யார் கையில இருக்குன்னு தேடிப் பிடிச்சு பக்கத்துல நில்லுங்க."

முதலில் ஒரே குழப்பம். பிறகு ஒருவர் எலும்பை ஒருவர் எலும்போடு ஒட்டிப் பார்த்து, "உது பெருசு, நீ அங்கால போ" என்று தள்ளத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சுவர் ஓரங்கள் காலியாகிவிட்டன. கழுத்திலிருந்து வால்வரை பிள்ளைகளே ஒரு முதுகெலும்பாக நின்றார்கள். தலைப்பக்கம் உள் அறையில். வயிற்றுப்பக்கம் முன் அறையில். வால் வாசலைத் தாண்டி வெளியே போயிற்று. வாலின் கடைசி எலும்பு சின்ன நாணயம் அளவுதான். அதை வைத்திருந்த குட்டிப் பெண் தெருவோரம் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவில் நின்ற பெரியமடுப் பையன் ஒருவன் திடீரென்று அலறினான். பெயர் கஜன். "மிஸ், என்ர எலும்பின்ர மூடி கழண்டிட்டுது! நான் ஒண்டும் செய்யேல்ல!"

அவன் கையில் எலும்பு தனியாகவும், வட்டத் தகடு ஒன்று தனியாகவும் இருந்தன. அவன் உடைக்கவில்லை என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். வளர்கிற எலும்புக்கு ஓரத்தில் இப்படி ஒரு தகடு இருக்கும். வளர்ச்சி முடிந்த பிறகுதான் அது எலும்போடு ஒட்டிக்கொள்ளும். தகடு கழன்று வருகிறது என்றால், இது இன்னும் வளர்ந்து முடியாத விலங்கு. "உங்க எலும்புலயும் இப்ப இப்படித்தான் இருக்கு" என்றதும் எல்லோரும் தங்கள் முழங்கையை அழுத்திப் பார்த்தார்கள்.

இது யானைக்குத் தூரத்துச் சொந்தம் என்றும் சொன்னேன். பெரியமடுப் பக்கம் கூச்சம் பறந்துவிட்டது. "எங்கட வயலைத் திண்டவையின்ர சொந்தமோ!" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் கஜனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் பெயரிலேயே யானை இருக்கிறதாம். ஓலைத்தொடுவாய்ப் பிள்ளைகள் யானை பற்றி அவர்களிடம் கேட்க, அவர்கள் வேலி போட்ட கதை, வெடி கொளுத்திய கதை என்று தொடங்க, நான் கை தட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

இத்தனை நேரமும் அனிற்றா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எலும்பு எதையும் வாங்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

கை எலும்புகளை விரித்தபோது பிள்ளைகள் திணறினார்கள். கடற்பசுவின் துடுப்பு வெளியிலிருந்து பார்த்தால் தட்டையான ஒரு தோல்தான். உள்ளே நமக்கு இருப்பதுபோலவே மேற்கை, முன்கை, மணிக்கட்டு, ஐந்து விரல் எல்லாம் உண்டு. எது எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் மாற்றி மாற்றி வைத்தார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அனிற்றா மெல்ல வந்தாள். பாயில் குந்தி, தன் கையை விரித்து எலும்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் விரலைப் பார்ப்பாள், ஓர் எலும்பை நகர்த்துவாள். மறுபடி பார்ப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பாயைச் சுற்றிக் கைகளை விரித்து வைத்தார்கள். எலும்புக்கையைச் சுற்றிப் பிள்ளைகளின் கைகளாகவே இருந்தது.

கஜன்தான் கேட்டான். "மிஸ், வளந்து முடியேல்ல எண்டா, இது என்னெண்டு செத்தது?"

ஓலைத்தொடுவாய்ப் பிள்ளைகள் அனிற்றாவைப் பார்த்தார்கள். பின்னால் ஒரு பையன் வாயைத் திறந்தான். றெஜினா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். றெஜினாவே ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அதற்குள் அனிற்றா சொன்னாள். கையை எடுக்காமல், பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கட அப்பான்ர வலையில சிக்கினது. இதுக்கு மூச்சு விட மேல வரவேணும். வரேலாமப் போச்சு. அப்பா பிடிக்கவெண்டு போகேல்ல. இழுக்கேக்கதான் கண்டவர். அவர்தான் எல்லாருக்கும் சொன்னவர். ஒளிக்கேல்ல."

அந்த அறையில் யாராவது ஒருவர் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.

கஜன் கையிலிருந்த எலும்பைப் பாயில் வைத்தான். "எங்கட அப்பா வயலில அரிவி வெட்டேக்க மிசினுக்குள்ள ஒரு முயல் அகப்பட்டிட்டுது. அண்டைக்கு அவர் சோறு தின்னேல்ல" என்றான். பிறகு, "உங்கட அப்பா?" என்று கேட்டான்.

"கன நாள் கடலுக்குப் போகேல்ல" என்றாள் அனிற்றா.

கஜன் தலையாட்டினான். அவ்வளவுதான். "அப்ப இந்த விரல் எங்க வாறது?" என்று அடுத்த எலும்பை எடுத்து அவளிடம் நீட்டினான். பின்னால் நின்ற ஓலைத்தொடுவாய்ப் பையன் முண்டியடித்து முன்னால் வந்து, "அனிற்றா, அது சுண்டுவிரல், இஞ்சால வை" என்றான். அவன் சொன்னது தப்பு. அனிற்றா அவனுக்குத் தன் சுண்டுவிரலை ஆட்டிக் காட்டினாள்.

பார்சல்களைப் பிரித்து எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். வயல்காட்டுப் பக்கத்துக் கத்தரிக்காயும் கடலோரத்துக் கணவாய் மீனும் இடம் மாறின. எனக்கு இரண்டும் கிடைத்தன. பஸ் கிளம்பியபோது கடற்பசுவின் முதுகு கம்பியில் ஏறியிருந்தது, ஒரு கையும் பொருத்தியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நானும் றெஜினாவும் மீதியை முடித்தோம். மற்றொரு கை, கம்பி தெரியாதபடி, அழகாக வந்தது. ஆனால் பிள்ளைகள் வைத்த கையில்தான் உயிர் இருந்தது.

பள்ளி விட்டதும் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சூசைதாசன். பின்னால் அனிற்றா. அவள் இறங்கி உள்ளே வந்துவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வாங்கோ அப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கடற்பசுவை ஒருமுறை சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. பிறகு என்னிடம், "பொம்பிளைதானே இது?" என்று கேட்டார்.

"ஆமா."

"அண்டைக்கு இழுக்கேக்க கிட்டவா இன்னொண்டு மூச்சு விட்ட சத்தம் கேட்டது. இதின்ர குட்டியாக்கும் எண்டு நினைச்சன். தாயில்லாம அது என்ன பாடோ எண்டு... இப்பவும் அந்தப் பக்கம் போனா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் காது குடுப்பன்."

இரண்டு வருஷமாக இந்த மனிதரை உறுத்தியது பட்டப்பெயர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அனிற்றா முந்திக்கொண்டாள்.

"அப்பா, இது குட்டி போடுற வயசு இல்ல. எலும்பு இன்னும் ஒட்டேல்ல. மிஸ்ஸைக் கேளுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன். இந்த நீளத்துக்கும் இந்த எலும்புக்கும் இது ஒரு பிள்ளைக் கடற்பசு. குட்டி போட்டிருக்கவே முடியாது. பக்கத்தில் மூச்சு விட்டது வேறொன்றாக இருக்கும், அவை கூட்டமாகவும் மேயும். இது தாயை விட்டுத் தானாக மேயத் தொடங்கிய வயது என்றும் சொன்னேன்.

அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அனிற்றா அவர் தோளில் சாய்ந்து நின்றாள். றெஜினா திடீரென்று ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த ஜன்னல்.

எழுந்தபோது சூசைதாசன் வேறு ஆள்போல இருந்தார். "பின்னேரம் எல்லாரும் வீட்ட வாங்கோ. நண்டு கிடக்கு" என்றார்.

போனோம். மிளகும் முருங்கை இலையும் போட்ட நண்டுக் குழம்பு. எங்கள் தூத்துக்குடியில் இதைவிட நல்ல நண்டு கிடைக்கும் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன், இனிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அன்று சாப்பிடத்தான் விடவில்லை. என் தட்டில் நண்டு விழுந்ததும் அனிற்றா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு காலைத் தூக்கிப் பிடித்து, "மிஸ், இதில முழங்கை எது? மணிக்கட்டு எது?" என்று கேட்டாள். நண்டுக்கு அப்படியெல்லாம் கிடையாது, எலும்பே கிடையாது, ஓடுதான் என்றேன். அப்படியென்றால் அது எப்படி வளரும் என்றாள். ஓட்டைக் கழற்றிவிட்டு வளரும் என்றேன். கழற்றிய ஓடு எங்கே போகும் என்றாள். அவளுடைய அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, மிஸ்ஸைத் தின்ன விடு" என்றார் சூசைதாசன். சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த நண்டின் காலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஓமடா, மூட்டு எத்தினை கிடக்கு!"

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் நண்டுக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.